தலைக்காயமும் மூளையின் காவலணுக்களும்

தலையில் பலத்த அடிபட்ட ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர் தம் பெயரைச் சொல்லுகிறார். உடன் வந்த உறவினரை இன்னார் என்று அறிகிறார். ஆயினும் சில மணி நேரத்திலோ, மறுநாளோ மயக்கத்தில் ஆழ்ந்து இறந்துவிடுகிறார். இத்தகைய நிகழ்ச்சிகளை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். 1975ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இதனை முறையாக ஆராய்ந்தார்கள். தலைக்காயத்தால் இறந்த 151 பேரில் 66 பேர், அடிபட்ட பிறகு ஒரு முறையேனும் பேசியவர்கள் என்று கண்டார்கள். பேசும் ஆற்றலுடன் இருந்த மூளை, அடிபட்ட கணத்திலேயே முற்றும் அழிந்துபோன மூளையாக இருத்தல் இயலாது. அடி விழுந்த பின்னர் வேறு ஏதோ நிகழ்ந்து அம்மூளையைக் கெடுத்திருக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அவர்களுள் பெரும்பாலோருக்கு மண்டையோட்டினுள் இரத்தம் கட்டியிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காலந்தாழ்த்தாமல் இரத்தக் கட்டை அகற்றியிருந்தால் சிலரேனும் பிழைத்திருப்பர். ஆனால் இரத்தக் கட்டை அகற்றிய பின்னும், அதுவே இல்லாதவிடத்தும், காயமுற்ற மூளை நாளுக்கு நாள் வீங்கிச் சீர்கெடுவதுண்டு. இந்தச் சீர்கேட்டில் ஒரு பகுதி, நம் உடலைக் காப்பதற்கென்றே அமைந்த தற்காப்பு அணுக்களால் விளைகிறது. காவல் புரிய வந்தவையே சேதம் விளைவிப்பது எவ்வாறு, அவற்றை அடக்க முயன்றபோது நேர்ந்தது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் நாட்டிற்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் பொருளன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். காயத்துடன் தப்பி, நினைவாற்றலும் பழைய இயல்பும் குன்றியவர்களாய் வீட்டில் முடங்கியிருப்போர் இந்தக் கணக்குகளில் இடம்பெறுவதில்லை.

இருவகைச் சேதம்

வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ளது. பனை நுங்கைப்போல் மென்மையானது. வன்மையான மண்டையோட்டினுள், தெளிந்த ஒரு திரவத்தில் அது மிதந்துகொண்டிருக்கிறது. விரைந்து செல்லும் தலை எதன்மீதேனும் மோதி நின்றுவிட்டால், மண்டையோடு நிற்கும். உள்ளே மிதக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அது எலும்பின் உட்புறத்தில் மோதிக் கன்றிப்போகிறது. தலை சுழன்று திரும்பினால், நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபட்டு அறுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. இது முதல்நிலைச் சேதம். ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடுவதாகையால், எந்த மருத்துவராலும் இதை இல்லாமற் செய்துவிட முடியாது. இதைத் தடுக்கவோ குறைக்கவோ வல்லவை தலைக்கவசம் போன்ற முன்காப்புக்களே.

இரண்டாம் நிலைச் சேதம் அதன் பிறகு தொடங்கி மணிக்கணக்கிலும், நாட்கணக்கிலும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் நடைபெறுவது. கணுக்கால் சுளுக்கினால் அவ்விடம் வீங்குகிறது. தோல் நெகிழ்ந்து கொடுக்கிறது. சில நாட்களில் வீக்கம் வடிகிறது. மூளைக்கு அவ்வாறு நெகிழ்ந்து கொடுக்கும் இடம் இல்லை. மண்டையோடு மூடிய பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், திரவம் ஆகிய மூன்றுமே உள்ளன. ஒன்று பெருகினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். இந்த விதியை அலெக்சாண்டர் மன்றோ என்பவர் 1783ஆம் ஆண்டிலும், ஜார்ஜ் கெல்லி என்பவர் 1824ஆம் ஆண்டிலும் எடுத்துரைத்தனர். மூளை வீங்கினால் முதலில் திரவம் விலகி இடந்தரும். பின்னர் உள்ளழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் இரத்தம் உள்ளே செல்வது குறையும். இரத்தம் குறைந்தால் பிழைத்திருந்த நரம்பணுக்களும் மடியும். ஆகவே, வேறோர் உறுப்பில் பெரிதும் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு வீக்கம், மூளையில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

மூளைக்குள் குடியிருக்கும் காவலர்கள்

பால் எர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1885ஆம் ஆண்டில் விலங்குகளின் இரத்தத்தில் சில சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புக்கள் நிறம் ஏறின, மூளை ஏறவில்லை. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள அணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. இந்த அரண் இருப்பதனால் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் சாதாரணமாக மூளைத் திசுவினுள் நுழைவதில்லை. மூளை தற்காப்பு அணுக்களின் தொடர்பே அற்ற இடம் என்றுகூட நெடுநாள் கருதிவந்தனர். அது சரியன்று. மூளைக்கெனத் தனிக் காவலணுக்கள் உண்டு.

அவற்றைத் தெளிவாக இனங்கண்டவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்டேகா. வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு மூளைத் திசுவுக்குச் சாயமேற்றும் முறையொன்றை வகுத்து, 1919ஆம் ஆண்டில் இவ்வணுக்களை விவரித்து, மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். இவை சிறு உடலும், நாற்புறமும் கிளைவிட்டுப் பரவும் மெல்லிய கரங்களும் உடையவை. காயம் நேர்ந்த இடத்தில் இவை கரங்களைச் சுருக்கிக்கொண்டு, உருண்டு திரண்டு, இறந்த அணுக்களை விழுங்கும் என்பதையும் ஓர்டேகா உணர்ந்திருந்தார். மூளையிலுள்ள அணுக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவையே. கருவின் தொடக்க நாட்களிலேயே கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குட் குடிபுகுந்தவை இவை. பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வெள்ளணுக்களின் வழித்தோன்றல்கள் அல்ல. இவ்வேறுபாடு நம் கட்டுரையின் பிற்பகுதிக்குத் தேவைப்படும்.

அமைதியான காலத்தில் மைக்ரோகிளியா உறங்கிக் கிடக்கின்றன என்றே பாடநூல்கள் பல ஆண்டுகள் எழுதிவந்தன. 2005ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர், ஒளிரும் புரதமேற்றிய சுண்டெலிகளின் மூளையை உயிருடன் இருக்கும்போதே நுண்பெருக்கி வழியாகக் கண்டனர். உறக்கம் என்பதே அங்கு இல்லை. அணுவின் உடல் ஓரிடத்தில் நின்றபோதும், கரங்கள் ஓயாமல் நீண்டும் குறுகியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தவண்ணம் இருந்தன. லேசர்க் கதிரால் ஒரு சிறு புள்ளியைச் சுட்டவுடன், அக்கம்பக்கத்து அணுக்களின் கரங்கள் சில நிமிடங்களில் அங்கே குவிந்து அவ்விடத்தைச் சூழ்ந்துகொண்டன. இராக்காவலன் தெருத்தெருவாய்ச் சுற்றிவருவதை அறிந்தவர்களுக்கு இக்காட்சி எளிதில் விளங்கும்.

அபாயக் குரல்

காயம் நேர்ந்ததைக் காவலணுக்கள் எப்படி அறிகின்றன? அணுவினுள் எரிபொருள்போலப் பயன்படும் ஏ. டி. பி. என்ற இரசாயனப் பொருள், அணு உடைந்ததும் வெளியே சிந்துகிறது. உள்ளே இருக்கும்போது அது உணவு. வெளியே வந்துவிட்டால் அபாயக் குரல். மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் அதனை ஏற்கும் புரதங்கள் உள்ளன. உடைந்த அணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சிதறும் டி. என். ஏ. மற்றோர் அபாயக் குரல். மைட்டோகாண்ட்ரியா, மிகப் பழங்காலத்தில் நம் முன்னோடி உயிரணுக்களுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழிவந்தவை. ஆதலால் அவற்றின் டி. என். ஏ. பாக்டீரியாவின் சாயலைக் கொண்டது. கிருமி ஒன்றும் புகாத மூளையில் கிருமி புகுந்துவிட்டதுபோன்ற ஆரவாரம் எழுவதற்கு இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் என்பது வியப்பிற்குரியது.

குரல் கேட்ட மைக்ரோகிளியா, இன்டர்லூக்கின்-1, டி. என். எஃப். முதலிய செய்திப் புரதங்களை வெளிவிடுகின்றன. இவை இரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்கி, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ளும் வண்ணம் அதனை மாற்றுகின்றன. ஏற்கெனவே அடியால் தளர்ந்துள்ள அரண் மேலும் தளர்கிறது. முதலில் வருபவை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள். சில மணி நேரத்தில் வரத் தொடங்கி, ஓரிரு நாளில் மிகுதியாகத் திரள்கின்றன. கிருமிகளைக் கொல்லுவதற்கென இவை தாங்கிவரும் கருவிகள் இரண்டு: புரதங்களை அரிக்கும் நொதிகள், வீரியமுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகள். கொல்லக் கிருமி இல்லாதபோதும் கருவிகள் வெளிப்படுகின்றன. நொதிகள் குழாய்ச் சுவரின் அடித்தளத்தை அரிக்கின்றன, இரத்தத்தின் நீர்ப்பகுதி மூளைக்குள் கசிகிறது, வீக்கம் ஏறுகிறது. அடுத்த சில நாட்களில் மானோசைட் என்னும் பெரிய வெள்ளணுக்கள் வருகின்றன. அவற்றையடுத்து டி-அணுக்கள் வருகின்றன.

இவ்வளவும் எதற்காக என்று கேட்கலாம். தோலில் காயம் பட்டால் இதே வரிசையில்தான் வேலை நடக்கிறது; அங்கே அது நன்மையே தருகிறது. கெட்ட திசுவோடு சிறிது நல்ல திசுவும் அழிந்தாலும், தோல் மீண்டும் வளர்ந்து அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். நரம்பணுக்களோ அழிந்தால் பெரும்பாலும் அழிந்தவையே. தோலுக்குப் பொருந்திய ஒழுங்குமுறை மூளைக்கும் அப்படியே கையாளப்படுவதுதான் இடர்ப்பாடு என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இவ்வெள்ளணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதிலும் புதுச் செய்தி ஒன்று உண்டு. உடலின் நெடிய எலும்புகளின் மஜ்ஜையிலிருந்து இரத்த வழியாக அவை வருகின்றன என்றே கருதப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜைக்கும் மூளையுறைக்கும் இடையே எலும்பைத் துளைத்துச் செல்லும் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளன என்று சுண்டெலிகளில் கண்டனர். இரத்தக் குழாய் அடைபட்ட மூளைக்கு வந்த நியூட்ரோபில்களில், கால் எலும்பிலிருந்து வந்தவற்றைவிட மண்டையோட்டிலிருந்து வந்தவை மிகுதி. மூளைக்கு மிக அருகிலேயே ஒரு படைவீடு இருந்தும், அதுவரை அதை ஒருவரும் அறிந்திலர்.

நண்பனா, பகைவனா?

இதுவரை சொன்னதைக் கொண்டு, இந்த அணுக்களை அடக்கிவிட்டால் நோயாளி பிழைப்பார் என்று முடிவு செய்யத் தோன்றும். அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி அம்முடிவைத் தடுக்கிறது. ஒரு சுண்டெலியின் மண்டையோட்டை மிக மெல்லியதாகச் செதுக்கி, அதனைச் சற்றே அழுத்தி, மிதமான காயத்தை உண்டாக்கினர். பிறகு அந்த மெல்லிய எலும்பின் வழியாகவே உள்ளே நடப்பதைக் கண்டனர்.

அழுத்தம் பட்டவுடன் மூளையுறையின் இரத்தக் குழாய்கள் கசிந்தன. உறையின் அணுக்கள் இறந்தன. வீரியமுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் அங்கே பெருகின. உறைக்கும் மூளைக்கும் இடையே எல்லைச்சுவர்போல் அமைந்த மெல்லிய அணுப்படலம் ஆங்காங்கே ஓட்டையாயிற்று. அப்போது அடியிலிருந்த மைக்ரோகிளியா மேலே கரம் நீட்டி, ஓட்டை விழுந்த இடங்களைச் சுற்றித் தேன்கூட்டின் அறைகளைப்போல் வலைபின்னின. வேறு சில, கரங்களைத் தட்டையாக விரித்து ஓட்டையையே அடைத்தன. நியூட்ரோபில்கள் உறைப்பகுதியில் திரண்டன, மூளைக்குள் இறங்கவில்லை. ஏ. டி. பி.யின் குரலை ஏற்கும் புரதங்களை மருந்தால் தடுத்தால் இந்தப் பழுதுபார்ப்பு குன்றியது. அதாவது, முதல் சில மணி நேரத்தில் அவ்வணுக்கள் செய்தது அணைக்கரை உடைந்தபோது ஊரார் மண்மூட்டை அடுக்குவதை ஒத்த பணியே. அவற்றைத் தடுத்தல் மூளைக்கு நலந்தருவதாய் இல்லை. மாறாக, ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைத் தணிக்கவல்ல குளுட்டாதியோன் என்ற பொருளை மண்டையோட்டின் மேல் வைத்தபோது, அது எலும்பினூடே ஊறிச் சென்று சேதத்தைக் குறைத்தது.

வெளியிலிருந்து வரும் அணுக்களைப் பற்றிய சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. மானோசைட்டுகள் மூளைக்கு வரத் தேவையான ஏற்பிப் புரதம் இல்லாத சுண்டெலிகளில், காயத்தின் பின்விளைவுகள் குறைவாய் இருந்தன. சி. டி. 8 என்னும் வகை டி-அணுக்களை நீக்கிய சுண்டெலிகள், காயமுற்றுப் பல வாரங்கள் சென்ற பின்னும் மற்றவற்றைவிட நன்றாக நடமாடின என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே கேள்வி, தற்காப்பு அணுக்கள் நல்லனவா தீயனவா என்பதன்று. எந்த அணு, எந்த நாளில், எந்த இடத்தில் என்பதே.

ஸ்டீராய்டு மருந்தின் வரலாறு

இந்த வேறுபாடுகளை அறியாத காலத்தில் செய்த சிகிச்சை ஒன்றின் வரலாறு, மருத்துவ நூல்களில் அழியாத இடம்பெற்றுவிட்டது. 1961ஆம் ஆண்டில், மூளைக் கட்டிகளைச் சூழ்ந்த வீக்கத்தை டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து வியக்கத்தக்க முறையில் தணிப்பது தெரியவந்தது. ஸ்டீராய்டுகள் அழற்சியை அடக்குபவை. தலைக்காயத்திலும் அழற்சியும் வீக்கமும் உள்ளன. ஆகவே அங்கும் பயன்படும் என்று மருத்துவர்கள் எண்ணியதில் பிழை சொல்ல இயலாது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகின் பல மருத்துவமனைகளில் தலைக்காயமுற்றோருக்கு இம்மருந்து வழங்கப்பட்டது. சிறுசிறு பரிசோதனைகள் பல நடந்தும், பயன் உண்டென்றோ இல்லையென்றோ ஒன்றும் தெளிவாகவில்லை.

1999ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து ஒரு பெரும் பரிசோதனையைத் தொடங்கினர். அடிபட்ட எட்டு மணி நேரத்திற்குள் வந்த நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு 48 மணி நேரம் மெத்தில்பிரெட்னிஸொலோன் என்னும் ஸ்டீராய்டு. மறுபாதியினருக்கு மருந்தற்ற திரவம். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 49 நாடுகளில் 10,008 பேர் சேர்ந்த நிலையில், 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் பரிசோதனை நிறுத்தப்பட்டது. இரு வாரங்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 21.1; பெறாதோரில் 17.9. மருந்து நூறு பேரில் ஏறத்தாழ மூவரைக் கூடுதலாகப் பலிகொண்டிருக்கிறது. கடுங்காயம், இலேசான காயம் என்ற வேறுபாடின்றி இது காணப்பட்டது. இத்தகைய வேறுபாடு ஒரு மருத்துவமனையில் சில நூறு நோயாளிகளை மட்டும் கவனிக்கும் மருத்துவரின் கண்ணுக்கு ஒருநாளும் புலப்படாது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். முப்பது ஆண்டுகளில் அம்மருந்தைப் பெற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

இறப்பு கூடியதன் காரணம் பரிசோதனையிலிருந்து தெளிவாகவில்லை. அழற்சியால் மூளைக்குத் தீங்கில்லை என்று இதனால் பொருள்படாது. ஸ்டீராய்டு, பழுதுபார்ப்பவை, பாழ்செய்பவை என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒருசேர அடக்குவது. உடலின் மற்றப் பகுதிகளையும் பாதிப்பது. தலைக்காயத்துக்குப் புரோஜெஸ்டெரோன் மருந்தைத் தந்து பார்த்த இரு பெரும் பரிசோதனைகளும் 2014ஆம் ஆண்டில் பயனின்றி முடிந்தன. விலங்குகளில் நலந்தந்த மருந்து அது. இன்று மருத்துவமனைகளில் செய்வது பெரும்பாலும் பழைய வழிகளே: மூச்சு தடைப்படாமல் காத்தல், இரத்த அழுத்தம் இறங்கவிடாமல் பேணுதல், இரத்தக் கட்டை அகற்றுதல், உள்ளழுத்தத்தை அளந்து குறைத்தல். இவை எளியனவாகத் தோன்றினாலும் இவற்றால் பிழைத்தவர் பலர்.

அணையாத கனல்

தோலில் அழற்சி சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. மூளையில் அது அடங்காமல் நீடிக்கலாம் என்பது அண்மைக் காலத்தில் தெரிந்த செய்தி. 2011ஆம் ஆண்டில் இலண்டன் ஆராய்ச்சியாளர்கள், கிளர்ச்சியுற்ற மைக்ரோகிளியாவில் படியும் ஒரு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, முன்பு தலைக்காயமுற்ற பத்துப் பேரின் மூளையைப் படமெடுத்தனர். காயம் நேர்ந்து 11 மாதங்கள் ஆனவரும் இருந்தனர்; 17 ஆண்டுகள் ஆனவரும் இருந்தனர். மூளையின் நடுப்பகுதியாகிய தலாமஸ் முதலிய இடங்களில் அணுக்கள் இன்னும் கிளர்ந்தெழுந்த நிலையிலேயே இருந்தன. அடிபட்ட இடத்திலன்றி, அதற்கு வெகு தொலைவில் இது காணப்பட்டது. தலாமஸில் கிளர்ச்சி மிகுந்தவர்களின் சிந்தனை ஆற்றல் குறைந்திருந்தது. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஒரே ஒரு முறை அடிபட்டவர்களிலும் 18 ஆண்டுகள் வரை இது நீடிப்பதைக் காட்டிற்று. காயத்திற்குப் பின் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தோரில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியானோரிடம் இக்கிளர்ச்சி இருந்தது, எல்லோரிடமும் இல்லை. 'விபத்துக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார்' என்று குடும்பத்தார் சொல்வதைக் கேட்கும் மருத்துவர்கள், அதை மனத்தளர்ச்சி என்று மட்டும் கொண்டுவிடாமல் இருப்பதற்கு இவ்வாராய்ச்சிகள் துணைபுரியும்.

நீடிக்கும் கனலை அணைக்கலாமா? மைக்ரோகிளியா உயிர்வாழத் தேவையான ஒரு சைகையைத் தடுக்கும் மருந்து உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆராய்ச்சியாளர்கள், சுண்டெலிகளுக்குக் காயம் நேர்ந்து ஒரு மாதம் கழிந்தபின், ஒரு வாரம் இம்மருந்தை உணவோடு கலந்து கொடுத்தனர். மூளையின் காவலணுக்களில் பெரும்பகுதி மறைந்தது. மருந்தை நிறுத்தியதும் புதியவை தோன்றி இடத்தை நிரப்பின. புதியவை பழையவற்றைப்போல் கிளர்ந்த நிலையில் இல்லை. அச்சுண்டெலிகளின் நடையும் நினைவும் மற்றவற்றைவிடத் தேறின. இது 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பாஸ்டனில் வேறொரு குழுவினர், அழற்சியைத் தணிக்கும் டி-அணுக்களைத் தூண்டும் எதிர்ப்புரதம் ஒன்றை மூக்கின் வழியே செலுத்தி, காயமுற்ற சுண்டெலிகளில் நற்பயன் கண்டதாக 2025ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதில் அணுக்களை ஒழிப்பதில்லை. அவற்றின் போக்கைத் திருப்புவதே நோக்கம்.

இவற்றை மனிதருக்குக் கொண்டுவருவதில் உள்ள பெருந்தடை மருந்தன்று, காலக்கணக்கு. சுண்டெலியின் ஒரு மாதம் மனிதனுக்கு எத்தனை மாதம்? மூன்றாம் நாளில் மருத்துவமனையில் கிடப்பவரின் மூளையில் மைக்ரோகிளியா ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கின்றனவா, நல்ல இழைகளை அரித்துக்கொண்டிருக்கின்றனவா? 2018ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்த ஓர் இரத்தச் சோதனை, மூளை அணுக்களிலிருந்து கசிந்த இரு புரதங்களை அளந்து, எவருக்கு மூளைப்படம் தேவை என்று சொல்ல உதவுகிறது. அது சேதத்தைக் காட்டும். காவலணுக்களின் மனநிலையைக் காட்டாது. கதிரியக்கப் படமோ கிளர்ச்சியைக் காட்டும். பழுதுபார்க்கும் கிளர்ச்சியையும் பாழ்செய்யும் கிளர்ச்சியையும் பிரித்துக் காட்டாது. அவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் அடையாளப் பொருளை ஆராய்ச்சியாளர்கள் தேடிவருகிறார்கள்.